மூவாயிரத்தைத் தாண்டாத முள்

ஓர் இயந்திரக் கோளாறைப் பல மாத காலம் என்னுடைய குணச்சிறப்பு என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் விஷயம் வீட்டோடு போயிருக்கும். அதைப் பற்றி ஒரு பத்திரிகையில் கட்டுரையும் எழுதினேன். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். வாங்கிய புதிதில் மற்ற கார்களைப் போலத்தான் ஓடியது. பிறகு எப்போதோ, என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று காட்டும் முள், மூவாயிரத்தைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடத் தொடங்கியது. மிதியை எவ்வளவு அமுக்கினாலும் சரி, கல்யாண வீட்டு வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வரமாட்டேன் என்று முறுக்கிக்கொள்ளும் தாய்மாமனைப் போல, லேசாக நடுங்கியபடி அந்த இடத்திலேயே நிற்கும். புகை கக்கவில்லை, வழியில் படுத்துக்கொள்ளவில்லை. வேகம் மட்டும் வர மறுத்தது. ஐம்பதை நெருங்குகிறவனோடு சேர்ந்து வண்டியும் பக்குவப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். நிதானத்தின் மேன்மையைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். உப்பு லாரிகள் என்னைத் தாண்டிப் போவதை, உலகம் என்னைத் தாண்டி எங்கேயோ வீணாக ஓடுவதாக அதில் உருவகம் செய்திருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டதாக ஒரு வாசகர் தொலைபேசியில் சொன்னார். அவரை மறுபடி எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த முள்ளுக்குக் கீழே, என்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. என் சிந்தனையை அது கலைத்தது. திருச்செந்தூரில் வாங்கி வந்த முருகன் ஸ்டிக்கர் ஒன்று வீட்டில் இருந்தது; அளவெடுத்து வெட்டினாற்போல அந்த இடத்தில் பொருந்தியது. அதற்குப் பிறகு, வெளிச்சம் மங்கும் வேளையில் வண்டி ஓட்டும்போதெல்லாம் முருகனுக்குப் பின்னாலிருந்து மெல்லிய பொன்னிறத்தில் ஒரு சுடர் தெரியும். அதைப் பார்த்து நான் மனம் நெகிழ்ந்த நாட்களும் உண்டு.

இந்த நிம்மதியையெல்லாம் கலைத்துப் போட்டவர் என் அக்காளின் வீட்டுக்காரர், அத்தான். சரக்குக் கப்பல்களில் சீஃப் என்ஜினியராக இருந்தவர். அவர் இப்போது இல்லை. அவரை நினைக்கும்போது முகம் நேராக ஞாபகத்துக்கு வருவதில்லை. ஒருபக்கமாகச் சாய்ந்த தலையும், யாருக்கோ பதில் சொல்லப்போகிறவரைப் போலப் பாதி திறந்த வாயும்தான் வருகின்றன. அது அவர் என்ஜின்களைக் கேட்கும் தோரணை. அவர் வேலை பார்த்த என்ஜின்கள் மூன்று மாடி வீட்டின் உயரம். ஏணி வைத்து ஏறி, உள்ளே நடந்து போய்ப் பார்க்க வேண்டியவை. அப்படிப்பட்ட ஒன்று நடுக்கடலில் இருமினால், கட்டிலில் படுத்தபடியே எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடுவாராம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதும் அந்தக் காது சும்மா இருக்காது. காலையில் காபி குடித்துக்கொண்டே, "எதுத்த வீட்டு மோட்டாருக்குப் புஷ் போயிட்டு. மூணாவது வீட்டுக் கிரைண்டருக்கு பேரிங் இந்த வாரம் தாங்காது" என்பார். வாரக் கடைசிக்குள் அந்தக் கிரைண்டர் ஊளையிட்டு நிற்கும். தெருக்காரர்கள் அவரிடம் கொஞ்சம் பயத்தோடுதான் பழகினார்கள். சாமியாடியிடம் பேசுவதைப் போல.

நான் சொல்லும் அந்த வருடம் அவர் வழக்கத்துக்கு மாறான காலத்தில் வந்தார். கேட்டதற்கு லீவு என்றார். அக்காவும் லீவு என்றாள். வந்த மறுநாள் என் கட்டுரையைப் படித்திருக்கிறார். அதற்கு அடுத்த நாள், "மாப்ளே, அந்த ஞானப்பட்ட வண்டியைக் கொண்டா, ஒரு ரவுண்டு போவோம்" என்றார். ஊருக்கு வெளியே பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டை வரைக்கும் போனோம். உப்பு ஏற்றிய லாரி எங்களைத் தாண்டியது. மினி பஸ் தாண்டியது. வாழைத்தார் கட்டிய ஒரு மொபட், கொஞ்ச நேரம் கூடவே வந்து, எங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தாண்டியது. அத்தான் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தபடியே வந்தார். திரும்பும் வழியில் குனிந்து, நகத்தால் முருகனை மெதுவாக உரித்து எடுத்துத் தன் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். மஞ்சள் விளக்கு பச்சையாகத் தெரிந்தது. அதாவது, எந்த அலங்காரமும் இல்லாமல் தெரிந்தது.

"எத்தனை நாளா எரியுது?"

"அது எப்பவும் எரியும் அத்தான்."

"எப்பவும் எரியதுக்கு அது என்ன கோயில் தீபமா?" என்றார். பிறகு, "கம்பி ஏத்துன லாரி பின்னால ஆபத்துன்னு செவப்புத் துணி கட்டிட்டுப் போவாம்லா, அந்தத் துணிக்கும் நீ பொட்டு வச்சிருப்ப" என்றார்.

அக்கா வீட்டு முற்றத்தில் ஒரு பூவரச மரம் உண்டு. அதன் கீழே வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, நீளமான திருப்புளி ஒன்றின் கைப்பிடியைக் காதில் வைத்து முனையை என்ஜினின் மேல் ஊன்றினார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பதைப் போலத்தான். முதலில் இடது காது. பிறகு, நான் பார்க்கிறேனா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலது காது. வெகு நேரம் அப்படியே நின்றார். பூவரசம்பூ ஒன்று அவர் தோளில் விழுந்தது, தட்டிவிடவில்லை. காற்றில் உப்பு வாடை. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாகக் கூவியது. அதற்குக்கூட அவர் நிமிரவில்லை. கடைசியில் திருப்புளியை இறக்கி, "உள்ள தட்டுது மாப்ளே. ராக்கர் ஆர்ம் ஒடஞ்சிருக்கும். தலையைக் கழட்டணும்" என்றார். என்ஜினின் மேல்மூடிப் பகுதியைத்தான் தலை என்கிறார்கள். இருந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்டு என் கழுத்தைத் தடவிக்கொண்டேன்.

தலையைக் கழற்றுவதற்கு ஆள் பலம் வேண்டும் என்று, துபாயில் கார்ப் பட்டறையில் இருந்துவிட்டு வந்து இங்கே சொந்தமாகப் பட்டறை போட்டிருக்கும் காயல்பட்டினத்துப் பாய் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்கேனரோடு வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே அதைச் செருகி, என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். காயல்பட்டினத்தில் மூத்தவர்களைக் காக்கா என்பார்கள். அந்த மரியாதையோடு பேச ஆரம்பித்தார்.

"தலையத் தொடாதிய காக்கா. வால்வு லிஃப்ட் மாற மாட்டேங்கு, ஆயில் அழுத்தம் போய்ச் சேரலன்னு சொல்லுது. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"மிசின் அப்படித்தான் சொல்லும். உள்ள தட்டுத சத்தம் கேக்கலையா ஒமக்கு?"

பாய் குனிந்து கேட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கைநீட்டி என்ஜினை நிறுத்தினார். டொக், டொக், டொக் என்று அந்தச் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"அது அடுத்த வீட்டு கிரைண்டர்லா, காக்கா" என்றார் பாய், சங்கடத்தோடு.

அத்தான் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அக்கா கொண்டுவந்த காபியை எல்லோரும் குடித்தோம். பாய் வேறொரு வேலையைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பினார். அத்தான் மட்டும் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுச் சுவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டதைப் போல.

அன்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது சொன்னார். அவர் வந்திருப்பது லீவில் இல்லை. கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் வலது காது தேறவில்லை. ஒரு காது போனால் சத்தம் குறைந்து கேட்கும், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். சத்தம் வருகிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது போய்விடுகிறது. "உலகமே ஒரே இடத்துல இருந்து பேசுத மாதிரி இருக்கு மாப்ளே" என்றார். சென்னையில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதுகளில் குழாய் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பட்டனை அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலது காதுக்கு வந்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. கூண்டுக்கு வெளியே பரிசோதனை செய்த பெண்ணின் தோள் அசைவதைப் பார்த்துப் பார்த்து அமுக்கியிருக்கிறார்.

"நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. நடுவுல அந்தப் புள்ள மூக்கைச் சொறிஞ்சா. அதுக்கும் அமுக்கிட்டேன்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கடலைப் பார்த்தேன். கடல் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. அதுவும் எதையோ காதுகொடுத்துக் கேட்பதைப் போல. மறுபரிசோதனைக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். தேறினால் கப்பல். தேறாவிட்டால் கடல் அவ்வளவுதான். சாகுபுரம் தொழிற்சாலையில் ஒரு நண்பர் பராமரிப்பு வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை எடுத்தால், "ஆடாத தரையில எனக்கு நடக்க வராது" என்று முடித்துவிடுவார். அப்போதுதான் அந்த ஏற்பாட்டைச் சொன்னார். "ஒன் வண்டியை நான் சரி பண்ணுதேன். வேகம் கூடி அந்த வால்வு லிஃப்ட் மாறும்போது என்ஜினோட குரல் மாறும். அது என் வலது காதுல விழுந்துதுன்னா மெட்ராஸ் போறேன். விழலைன்னா போகல. இன்னொரு தடவ அந்தக் கூண்டுக்குள்ள திருட்டுப்பய மாதிரி உக்கார மாட்டேன். உங்க அக்காட்ட மூச்சு விடாத."

ஒரு மனிதனின் மிச்சக் கடல் முழுவதும், நான் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்த ஒரு விளக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த நாளிலிருந்து அவர் திருப்புளியைத் தொடவில்லை. காதை நம்பாமல் கப்பல் வழக்கப்படி தொடங்கினார். கப்பலில் பெரிய என்ஜினைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சொட்டு ஆயிலைத் தாளில் விட்டுப் பார்ப்பார்களாம். நல்ல ஆயில் என்றால் தாளில் அகலமாகப் பரவி, நிலவைச் சுற்றிய வட்டம் போல வெளிறிக்கொண்டே போகும். கெட்டுப்போன ஆயில் பரவாது. விழுந்த இடத்தில் கறுப்பாக உட்கார்ந்துகொள்ளும். மட்டமான தாள் ஏதாவது கொடு என்றார். என் கட்டுரை வந்த பத்திரிகைதான் கைக்குக் கிடைத்தது. ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, தலைப்புக்கும் முதல் பத்திக்கும் நடுவே ஒரு சொட்டு விட்டார். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அது பரவவே இல்லை. கட்டுரையின் முதல் வரியில், கண் பட்டுவிடாமல் வைத்த திருஷ்டிப் பொட்டு மாதிரி நின்றது.

"என்ன ஆயில் ஊத்துன?"

சொன்னேன். எங்கள் ஊரில் வண்டி என்றால் லாரிதான். துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் ஓடுகிற லாரிகளுக்காகத் திறந்த ஆயில் கடைகள்தான் எல்லாம். நான் வழக்கமாகப் போகும் கடை அண்ணாச்சி, கார் கம்பெனி சொன்ன ஆயிலைப் பார்த்துவிட்டு, "இது என்னது, தண்ணி மாதிரி. நம்ம ஊரு வெக்கைக்கு இது காணுமா? இந்தாரும், பத்து சக்கர லாரிக்கே இதான்" என்று ஒரு டின்னைத் தூக்கி வைத்தார். பத்துச் சக்கரத்துக்குத் தாங்குவது நாலு சக்கரத்துக்குத் தாங்காதா என்ற கணக்கு எனக்கும் பிடித்திருந்தது. குறையக் குறைய அதையே ஊற்றினேன், பழையதை மாற்றவேயில்லை. அண்ணாச்சிமேல் தப்பில்லை. அவர் என் வண்டியைக் கௌரவப்படுத்தத்தான் பார்த்தார்.

அத்தான் பொறுமையாக விளக்கினார். என்ஜினுக்குள் காற்று போகிற கதவுதான் வால்வு. அதைத் தள்ளித் திறக்க, சுழலும் தண்டு ஒன்றில் மேடு வைத்திருப்பார்கள். என் வண்டியில் குட்டை மேடு, நெட்டை மேடு என்று இரண்டு வகை உண்டு. மெதுவாகப் போகும்போது குட்டை மேடு கதவை ஒருக்களித்துத் திறக்கும். வேகம் கூடினால், ஆயில் அழுத்தம் ஒரு சின்ன ஊசியைத் தள்ளிவிடும். ஊசி போய்க் கோத்துக்கொண்டதும் நெட்டை மேடு வேலையை எடுத்துக்கொள்ளும். கதவு அகலத் திறக்கும். அந்த ஆயிலை எப்போது உள்ளே விடுவது என்று பார்த்துக்கொள்ளும் காவல்காரன் ஒரு சின்ன மின்வால்வு, சொலினாய்டு. "சங்கு குளிக்கப் போறவனைப் பாத்திருக்கியா மாப்ளே. படகுல இருக்கும்போது நம்மள மாதிரிதான் மூச்சு விடுவான். முங்கதுக்கு முன்னால ஒண்ணு இழுப்பான் பாரு, நெஞ்சுக்கூடு ரெண்டாப் பிரியும். ஒன் வண்டிக்கு அந்த மூச்சு மறந்து போச்சு. படகுலயே உக்காந்துக்கிட்டு மூக்கைப் பொத்திக்கிட்டிருக்கு. நீ அதைப் பாத்து, ஆகா என்ன நிதானம்னு எழுதுத."

சொலினாய்டை அவர் கழற்றிய காலை இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. மரத்தின் நிழல் வண்டியின்மேல் ஆடிக்கொண்டிருந்தது. முதலில் அதன் மின்இணைப்பைப் பிரித்தார். உள்ளே உப்புக் காற்று பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பழைய வெண்கலப் பாத்திரத்தின் அடியில் பார்ப்போமே, அப்படி. பிறகு போல்ட்டுகளைத் தளர்த்தி வெளியே எடுத்தார். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். அதன் அடியில், கொசுவலையைவிட நுண்ணிய ஒரு சல்லடை. சல்லடை இருந்த இடத்தில் சல்லடையே தெரியவில்லை. கடைசிப் பதம் தாண்டிய கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று அப்பியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். நான் மூன்று பக்கம் எழுதிய தத்துவம் ஒரு நகக்கண் அளவு கசடு. அத்தான் அதை அக்காளின் பழைய பல்துலக்கும் பிரஷால், குழந்தைக்குப் பல் விளக்குவதைப் போல விளக்கினார்.

சொலினாய்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து இரண்டு கம்பி எடுத்து அதைத் தொட்டால், உள்ளே இருக்கும் சின்ன உருளை 'டிக்' என்று தட்ட வேண்டும். அவர் அதைத் தன் வலது காதோரம் வைத்துக்கொண்டு, "தொடு" என்றார். தொட்டேன். எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் காத்துக்கொண்டே இருந்தார்.

"தொட்டியா?"

"தொட்டேன் அத்தான்."

"தட்டுச்சா?"

"தட்டுச்சு."

சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டு, "இப்பம் தொடு" என்றார். தொட்டேன். அவர் முகம் மாறியது. இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை. சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டை அடைத்து வைத்துக்கொண்டு, அது உள்ளே அசைவதை விரலால் உணர்ந்து, வகுப்பில் யாருக்கும் தெரியாமல் சிரிப்போமே, அந்த முகம். தொடு, தொடு என்று எவ்வளவு நேரம் அதைச் செய்தோம் என்று தெரியாது. அக்கா சாப்பிடக் கூப்பிட்டதுகூட எங்கேயோ தூரத்திலிருந்து கேட்டது. எனக்கும்தான்.

சொலினாய்டு உட்காரும் இடத்தில் ஆயில் கசியாமலிருக்க வைக்கும் புது கேஸ்கெட்டைப் பாய் வாங்கிக் கொடுத்தார். கம்பெனி சொன்ன தண்ணீர் மாதிரி ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, மின்இணைப்பைச் சுரண்டித் துடைத்து, எல்லாவற்றையும் பழையபடி பூட்டினார்கள். பாய் ஸ்கேனரை வைத்துக் கோளாறுப் பதிவை அழித்தார். மஞ்சள் விளக்கு அணைந்தது. அந்த இடம் வெறிச்சென்று இருந்தது. அத்தான் சட்டைப்பையிலிருந்து முருகனை எடுத்து, பசை காய்ந்திருந்தாலும், முன்கண்ணாடியின் மேல்மூலையில் அழுத்தி ஒட்டினார். "இங்கன இருந்தா ரோட்டையாவது பாப்பார்" என்றார். பாய் மட்டும் சும்மா இராமல், "ரெண்டு பேரும் போய் ஓட்டிப் பாருங்கோ. அஞ்சாயிரம் கிட்ட ஒரு குரல் மாறும், தப்பவே தப்பாது. செவிடனுக்கும் கேக்கும்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அத்தான், "சரி பாய்" என்றார்.

விடிந்தும் விடியாத நேரத்தில் திருச்செந்தூர் சாலையில் போனோம். முத்தையாபுரம் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம். அந்த வேளையில் வானத்தின் வெளிச்சம் மேலே இருக்கிறதா, பாத்திகளில் தேங்கி நிற்கும் தண்ணீரில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. உப்புக் குவியல்கள் கூரைகள் மட்டும் வெளியே தெரிய மூழ்கிப்போன ஓர் ஊரைப் போல நின்றன. சாலை மட்டும் கறுப்பாக நடுவே மிதந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். நல்ல காதான இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். முள்ளைப் பார்த்துவிடக் கூடாது; என் தோள் அசைவதையும் பார்த்துவிடக் கூடாது. பால் கேனோடு சைக்கிளில் கடந்துபோன ஒரு டீக்கடைக்காரர் மட்டும் எங்களைப் பார்த்தார். யாரோ பெரிய மனிதரை நான் கடத்திக்கொண்டு போவதாக நினைத்திருப்பார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த எண்ணத்தைக் கைவிட்டிருப்பார்.

"கேட்டா இந்த விரலைத் தூக்குவேன். நீ வாயே திறக்கக் கூடாது" என்று ஆட்காட்டி விரலை முழங்காலின்மேல் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது கியரில் போட்டு மிதித்தேன். முள் இரண்டாயிரத்தைத் தாண்டியது. மூவாயிரத்தை நெருங்கும்போது பழக்கத்தில் என் கால் தயங்கியது. முள் தயங்கவில்லை. வாசலில் நின்ற தாய்மாமன் ஒரு வழியாக உள்ளே நுழைந்துவிட்டார். நாலாயிரம். என்ஜின் ஒரே குரலில் ஏறிக்கொண்டே போயிற்று. ஐயாயிரத்தை நெருங்கிய அந்தக் கணத்தில் கேட்டது. வில்லுப்பாட்டில் அதுவரை வில்லின் மணிகள் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்து, சட்டென்று குடமும் வந்து சேர்ந்துகொள்ளுமே, அப்படி ஒரு கனம் அந்தக் குரலுக்கு வந்தது. வண்டி முன்னால் பாய்ந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தானின் விரல் நிமிர்ந்து நின்றது. மிகச் சரியாக, அந்தக் கணத்தில்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னென்னவோ பேசினேன். மெட்ராஸுக்கு எந்த ரயில் என்றுகூடக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் துண்டை அவிழ்த்தார். பஞ்சை எடுத்தார். பஞ்சை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிக்கொண்டே உப்பளத்தைப் பார்த்தார்.

"கேக்கலை மாப்ளே."

"விரலைத் தூக்கினீங்களே அத்தான். நான் பாத்தேன்."

"முதுகுல தள்ளுச்சு. சீட்டு வந்து முதுகைப் பிடிச்சு ஒரு தள்ளு தள்ளுச்சு. அதுல தெரிஞ்சுது. காதுல ஒண்ணும் விழல."

"தெரிஞ்சுதுல்லா. கேட்டதாவே வச்சுக்கிடுவோம்."

"அந்தப் புள்ள மூக்கைச் சொறிஞ்சதுக்கு அமுக்கின மாதிரியா?" என்று கேட்டு, பஞ்சை வெளியே போட்டுவிட்டு, "கூண்டுக்குள்ள நாற்காலி தள்ளாது மாப்ளே" என்றார்.

வண்டியை யாரும் கிளப்பச் சொல்லவில்லை. ஒரு கொக்கு பாத்தி வரப்பில் நின்று தன் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவர்தான் பேசினார். "சரி, எப்படி இருந்துச்சு, சொல்லு." எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். வில்லையும் குடத்தையும் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். "உவமை வேண்டாம். சத்தத்தைச் சொல்லு. மெட்டல் சத்தமா, காத்துச் சத்தமா? மேல இருந்து வந்துச்சா, கீழ இருந்தா? படியேறின மாதிரி மாறிச்சா, வழுக்கிக்கிட்டு மாறிச்சா?" எழுத்தையே நம்பிப் பாதி வாழ்க்கையை ஓட்டியவன் நான். இல்லாத ஒரு பக்குவத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுத எனக்கு வார்த்தை இருந்தது. இருந்த ஒரு சத்தத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. "இன்னொரு தடவ போ" என்றார். போனேன். கண்ணில் துண்டு இல்லை, காதில் பஞ்சு இல்லை. உள்ளங்கையை மட்டும் முன்பலகையின்மேல் பரத்தி வைத்துக்கொண்டார். காற்றுச் சத்தம்தான் அத்தான், அடியிலிருந்து வருகிறது, படியேறுவது போலத்தான் என்றேன். "ம்" என்றார். மறுபடி போகச் சொன்னார். சூரியன் உப்புக் குவியல்களுக்குப் பின்னாலிருந்து வந்து, எல்லாம் கண்ணைக் கூசுகிற வெள்ளையாக மாறுகிறவரை, அந்த ஒரே சாலையில் போவதும் திரும்புவதுமாக, நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவரே அக்காளிடம் சொல்லிவிட்டார், இனிமேல் கப்பல் இல்லை என்று. அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே, சரி என்றாள். அடுத்த மாதம் சாகுபுரத்து வேலையில் சேர்ந்தார். அங்கே அவர் சந்தோஷமாக இருந்தார் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் கடைசிவரை திட்டிக்கொண்டேதான் போய்வந்தார். கரை என்பது ஒரு நீளமான காத்திருப்பு அறை என்பார். மழை நாட்களில் மட்டும், முற்றத்தில் தண்ணீர் தேங்கி வாசற்படியை அலம்பும்போது, கொஞ்சம் சாந்தமாக இருப்பார். சில வருடங்களுக்குப் பிறகு ஒரு காலையில், காபி வருவதற்கு முன்னால், நெஞ்சு வலிக்கிறது என்றார், அவ்வளவுதான்.

சமீபத்தில் அக்காளைத் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே வண்டிதான். முத்தையாபுரம் தாண்டி உப்பளம் வந்ததும், சாலை காலியாக இருந்தது, மிதித்தேன். அந்த இடத்தில் அந்தக் குரல் வந்தது. அக்கா முன்பலகையைப் பிடித்துக்கொண்டாள். வேகத்தைக் குறைத்துவிட்டு, அவளுக்குத் தெரியாத அந்தக் காலையைச் சொன்னேன். பஞ்சு, துண்டு, விரல் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடம் எழுதிப் பழகியதெல்லாம் அதற்காகத்தான் என்று தோன்றும்படி சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். "அத்தான் அன்னைக்கு முதுகால கேட்டாவ அக்கா" என்று முடித்தேன்.

அவள் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"முதுகால கேட்டாவளாமா?" என்றாள். "போ லே. கல்யாணம் ஆன நாள்ல இருந்து பின்னால நின்னுதான் கூப்பிட்டேன். ஒரு தடவ திரும்பி இருப்பாவளா?"